முழு அளவுப் பிக்கப்: எஃப்-150, ராம், டண்ட்ரா, சில்வராடோ உரிமையாளர்கள் கண்டது

அமெரிக்காவில் முழு அளவுப் பிக்கப் வாங்கச் செல்பவர் முதலில் கேட்பது இழுவைத் திறனைத்தான். வாங்கி ஓட்டியவர் பேசுவதோ, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள், வெள்ளைச் சீட்டைப் பற்றி. ஆட்களும் சரக்கும் சேர்ந்து அந்தக் குறிப்பிட்ட வண்டியில் எவ்வளவு எடை ஏறலாம் என்பது அதில்தான் இருக்கிறது. 2021இல் வந்த ஃபோர்டு எஃப்-150 ஹைபிரிட் 12,700 பவுண்டு வரை இழுக்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை, நான்கு சக்கர இயக்கம் எல்லாம் சேர்ந்த உயர் வகைகளில் அந்தச் சீட்டு 1,400 பவுண்டை ஒட்டியே நின்றுவிடுகிறது. டிரெய்லரின் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கியின் மேல் இறங்கும் என்பதால், 9,000 பவுண்டு டிரெய்லருக்கே ஏறத்தாழ 1,100 பவுண்டு போய்விடும். மிச்சமுள்ள 300 பவுண்டில் நான்கு பேர் கொண்ட குடும்பம் எப்படி ஏறும்? எஃப்-150, ராம், டண்ட்ரா, சில்வராடோ ஆகிய நான்கு வண்டிகளையும் ஒப்பிடும்போது இந்தக் கணக்கையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

எஃப்-150 ஹைபிரிட்டைப் புகழ்பவர்கள் அதன் 430 குதிரைத்திறனைவிட, பின்தொட்டியில் உள்ள மின்செருகிகளையே அதிகம் சொல்கிறார்கள். விருப்பத் தேர்வாகக் கிடைக்கும் 7.2 கிலோவாட் வசதியில் 240 வோல்ட் இணைப்பும் உண்டு. வெல்டிங் இயந்திரத்தை நேராக அதில் செருகி வேலை பார்க்கலாம். 2021 பிப்ரவரியில் பனிப்புயலால் டெக்சஸ் இருளில் மூழ்கியபோது, கையிருப்பில் உள்ள ஹைபிரிட் வண்டிகளை மக்களுக்கு இரவல் கொடுக்கும்படி ஃபோர்டு தன் டீலர்களைக் கேட்டுக்கொண்டது. ஜெனரேட்டர் தனியாக வாங்க நினைப்பவர் அந்தத் தொகையை இந்த வண்டியின் விலையில் கழித்துப் பார்ப்பதில் தவறில்லை. குறை என்றால் பத்து கியர் தானியங்கிப் பெட்டிதான்: மெதுவாக நகரும் நெரிசலில் கியர் மாறும்போது வண்டி உதறுகிறது என்ற புகார் பல ஆண்டுகளாக ஓயவில்லை.

வசதியில் ராம் 1500-ஐ மற்ற மூன்றும் எட்டவில்லை. பின்னச்சுக்குப் பட்டை வில்லுக்குப் பதிலாகக் காயில் ஸ்பிரிங் போட்டிருப்பதால், வெறும் வண்டியாக ஓட்டும்போதும் பின்பக்கம் துள்ளுவதில்லை. அதே மென்மைக்கு விலையும் உண்டு. மேல்நிலை வகைகளில் சுமைத்திறன் ஃபோர்டைவிடவும் குறைவாக இருப்பதைக் காணலாம். என்ஜின் விஷயத்தில் நிறுவனமே தடுமாறியது. ஹெமி எனப்படும் 5.7 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜினை 2025 மாடலில் நீக்கிவிட்டு, இரட்டை டர்போ கொண்ட ஆறு சிலிண்டர் என்ஜினைத் தந்தது. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்ததும் 2026 மாடலுக்கு ஹெமியைத் திரும்பக் கொண்டுவந்தது. புதிய என்ஜின் திறனில் கூடுதலானது என்பதே உண்மை. ஆனால் பிக்கப் வாங்குகிறவர் எண்ணை மட்டுமா வாங்குகிறார்!

டொயோட்டா டண்ட்ராவை வாங்குவோர் நம்பகத்தன்மைக்காகவே வாங்குகிறார்கள் என்பதால் அதன் கதை சற்றுக் கசப்பானது. பழைய வி8-ஐ விட்டுவிட்டு 2022இல் இரட்டை டர்போ வி6-க்கு மாறிய வண்டியில், தயாரிப்பின்போது உள்ளே தங்கிய உலோகத் துகள்கள் பேரிங்கைக் கெடுக்கக்கூடும் என்று கண்டறியப்பட்டது. 2024இல் லெக்சஸ் எல்எக்ஸ் உட்பட ஏறத்தாழ 1,02,000 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. டொயோட்டா முழு என்ஜினையே மாற்றித் தர ஒப்புக்கொண்டது. சில்வராடோவைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸும் என்ஜின் கோளாறிலிருந்து தப்பிவிடவில்லை. 6.2 லிட்டர் வி8 பொருத்திய, 2021 முதல் 2024 வரையிலான ஏறத்தாழ ஆறு லட்சம் வண்டிகளை அது 2025 ஏப்ரலில் திரும்ப அழைத்தது. சோதனையில் தேறியவற்றுக்குக் கெட்டியான 0டபிள்யூ-40 எண்ணெய், தேறாதவற்றுக்குப் பழுதுபார்ப்பு அல்லது புது என்ஜின் என்பது அதன் தீர்வு. தேறிய வண்டியின் உரிமையாளருக்கு எண்ணெய் மாற்றம் எவ்வளவு நிம்மதி தரும் என்பது எனக்கு ஐயமே.

ஆகவே சில்வராடோ 1500-இல் நான் பார்ப்பது 3.0 லிட்டர் டீசலை. 495 பவுண்டு-அடி முறுக்குவிசையும், நெடுஞ்சாலையில் கேலனுக்கு 25 மைலைத் தாண்டும் சிக்கனமும் நீண்ட தூரம் ஓடுபவருக்குப் பெரிய லாபம். இருந்தாலும் எண்ணெய்ப் பம்பை இயக்கும் பெல்ட் என்ஜினின் பின்பக்கத்தில் இருக்கிறது. இந்த என்ஜினின் முதல் வடிவத்தில் 1,50,000 மைலில் அதை மாற்ற வேண்டும், மாற்றுவதற்கு கியர்பெட்டியைக் கழற்றியாக வேண்டும். பழைய வண்டியாக வாங்குபவர் இந்தச் செலவை மறக்கக் கூடாது.

அன்றாடம் வேலைத்தளத்துக்குப் போகிறவருக்கு எஃப்-150, குடும்பத்தோடு நெடுந்தொலைவு செல்பவருக்கு ராம், ஆண்டு முழுவதும் சாலையிலேயே இருப்பவருக்கு டீசல் சில்வராடோ என்பது என் தேர்வு. எதுவானாலும் கையெழுத்திடும் முன், டீலரிடம் நிற்கும் அதே வண்டியின் கதவைத் திறந்து சீட்டைப் படிக்க வேண்டும், ஏனெனில் ஒரே மாடலில்கூட வண்டிக்கு வண்டி எண் மாறும். 9,000 பவுண்டுக்கு மேல் அடிக்கடி இழுப்பவருக்கு இந்த நான்கு வண்டிகளும் பொருந்தா. அவர் இவற்றைவிடக் கனமான எஃப்-250 அல்லது ராம் 2500-ஐப் பார்க்கட்டும், சுமையில்லாத நாட்களில் முதுகு உணரும் குலுக்கலைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால்.