எர்த் பெட்டிக்குள் உப்பும் கரியும் வேண்டுமா, வெறும் செப்புப் பட்டை போதுமா?

ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும், பாட்டு தொடங்கும் முன்பே ஸ்பீக்கரில் மெல்லிய ‘ம்ம்ம்’ ஒன்று கேட்கும்; இதைத்தான் ஹம் என்பார்கள். தெரு அடங்கிய பிறகு இன்னும் நன்றாகக் கேட்கும். அதைப் போக்க வீட்டிலேயே எர்த் பெட்டி செய்யும் பழக்கம் ஆடியோ பிரியர்களிடம் இருக்கிறது. ஒரு மரப்பெட்டி, உள்ளே செப்புத் தகடு, அதைச் சுற்றி இந்துப்பு, கரித்தூள், கிராஃபைட், டூர்மலின் கல். தகட்டிலிருந்து கிளம்பும் ஒயர், ஆம்பின் பின்னால் காலியாக இருக்கும் ஆர்சிஏ சாக்கெட்டின் (ஆடியோ கேபிள் செருகும் வட்டத் துளை) வெளி வளையத்தில் போய்ச் சேரும். சுவீடனின் என்ட்ரெக், அமெரிக்காவின் நார்டோஸ்ட் போன்ற நிறுவனங்கள் விற்கும் பெட்டிகளின் விலையைப் பார்த்தவர்கள் தாங்களே செய்ய இறங்குவதில் வியப்பில்லை. நானும் ஒன்று செய்தேன். ஹம் குறைந்தது. குறைத்தது எது என்பதுதான் கேள்வி.

உள்ளே போடும் சாமான்களைப் பார்த்தால் நம் வீட்டுக் கொல்லைப்புறம் நினைவுக்கு வரும். எர்த் குழி தோண்டும்போது ஜிஐ பைப்பைச் சுற்றிக் கரியும் உப்பும் மாறி மாறிப் போடுவார்கள். கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். கரி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, உப்பு அந்த ஈரத்தில் கரைந்து மின்தடையைக் குறைக்கிறது. பைப்புக்கும் மண்ணுக்கும் நல்ல தொடர்பு ஏற்படுத்துவதுதான் அவற்றின் வேலை. ஹால் அலமாரியில் இருக்கும் பெட்டியில் தொடுவதற்கு மண்ணே இல்லை. எர்த் குழியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பூமியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

கணக்கும் இதையே சொல்கிறது. ஒரே ஒயரில் மாட்டிய பெட்டியிலிருந்து மின்னோட்டம் திரும்பிவர வழியில்லை. மிஞ்சுவது, அந்த உலோகத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் இடையிலான சிறு மின்தேக்கம் மட்டுமே. ஒரு அடி அகலப் பெட்டிக்கு அது 10 முதல் 20 பிக்கோஃபாரட் வரும். ஹம் இருக்கும் 50 ஹெர்ட்ஸில் 100 மெகா ஓமுக்கும் மேலான தடை. ஒயரை மாட்டாததற்குச் சமம். ரேடியோ அலைவரிசையில் தடை குறையுமே என்று கேட்கலாம். குறையும்தான். ஆனால் ஒரு மீட்டர் ஒயரின் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) சுமார் 1 மைக்ரோஹென்றி. 100 மெகாஹெர்ட்ஸில் அதுவே 600 ஓமுக்கு மேல் குறுக்கே நிற்கும். சில நேரம் அந்த ஒயர் ஆன்டெனாவாகவும் மாறலாம்.

அப்படியானால் பலருக்கு வித்தியாசம் கேட்பது பொய்யா? இல்லை. பெரும்பாலானோர் ஒரு கருவியை மட்டும் மாட்டுவதில்லை. ஆம்ப், டிஏசி (டிஜிட்டல் சிக்னலை அனலாக்காக மாற்றும் கருவி), ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து பாட்டு எடுக்கும் கருவி) என்று எல்லாவற்றிலிருந்தும் ஒயர் இழுத்து, பெட்டியின் ஒரே முனையில் சேர்க்கிறார்கள். அங்கேதான் உண்மையான வேலை நடக்கிறது. ஆர்சிஏ கேபிளின் வெளி உலோக உறை சிக்னல் திரும்பிவரும் பாதை. கருவிகளுக்கு இடையே ஓடும் கசிவு மின்னோட்டமும் அதே பாதையில்தான் போகிறது. உறையின் தடை 0.1 ஓம், ஓடுவது 10 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 1 மில்லிவோல்ட் ஹம் நேராக சிக்னலில் கலந்துவிடும். பக்கத்திலேயே ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செப்பு ஒயர் ஓடினால், அதன் தடை சுமார் 0.012 ஓம்தான். மின்னோட்டத்தில் பெரும்பகுதி அந்த வழியே போய்விடும்; ஹம் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

இதைச் சரிபார்க்க, உப்பையும் கரியையும் கொட்டிவிட்டு வெறும் செப்புப் பட்டையோடு ஒயர்களை மாட்டினேன். ஹம் முன்பு குறைந்த அளவுக்கே குறைந்திருந்தது. மழைக்காலத்தில் உப்பு ஈரம் இழுத்து, தகட்டில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. ஆகவே இந்த இரண்டில் என் ஓட்டு வெறும் பட்டைக்கே. ஒயரை சிக்னல் கேபிளை ஒட்டியே கொண்டுபோங்கள். விலகிப் போனால் நடுவில் பெரிய வளையம் உருவாகி, அதுவே ஹம்மைப் பிடிக்கும்.

செலவே இல்லாத வழியும் உண்டு. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுங்கள். அப்புறம் செட்-டாப் பாக்ஸில் வரும் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். ஹம் சட்டென்று நின்றால் காரணம் அந்த ஒயர்தான். அதற்கான ஐசொலேட்டர் (சிக்னலை விட்டு, ஹம் மின்னோட்டத்தைத் தடுக்கும் சிறு கருவி) ஒன்றை அதில் போட்டால் போதும், பெட்டியே வேண்டாம்.

பாதையையே துண்டிப்பது இன்னும் உறுதியான வழி. டிஜிட்டல் சிக்னல் என்றால், தோஷிபா 1983-இல் கொண்டுவந்த டாஸ்லிங்க் ஆப்டிகல் கேபிள்: ஒளி மட்டும் போகும், மின்னோட்டம் போக வழியில்லை. அனலாக் என்றால் 1:1 டிரான்ஸ்ஃபார்மர்: சிக்னல் காந்தப்புலம் வழியே தாண்டும், இரு பக்கத்துக்கும் நேரடி ஒயர் தொடர்பு இல்லை. மலிவானதில் உள்ளிருக்கும் இரும்புக் கோர் சிறியது. சத்தம் கூட்டினால் பேஸ் நசுங்கும்.

இவற்றோடு சேர்த்து எடைபோட வேண்டியது வீட்டின் நிஜ எர்த். என் வீட்டில் டிவிக்குப் பின்னால் இருந்த சாக்கெட்டில் மூன்றாவது துளை இருந்தது, எர்த் ஒயர் மாட்டப்படவே இல்லை. வயரிங் செய்தவர் விட்டுப்போயிருக்கிறார், பல வருடம் நான் பார்க்கவில்லை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் காட்டுகிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஹம் போகிறதே என்று மூன்றாவது பின்னை ஒருபோதும் உடைக்காதீர்கள். உள்ளே ஃபேஸ் ஒயர் ஆம்பின் உலோக உடலில் பட்டால், ஆம்பைத் தொடுபவரின் உயிர் போகும். ஆடியோவுக்கென்று தனிக் கம்பியை மண்ணில் அடித்து, வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விடுவதும் ஆபத்து. மின்னல் விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே பெரும் மின்னழுத்தம் எழும். உங்கள் கருவிகள் அதன் நடுவில் இருக்கும்.

ஹம் போன பிறகும், உப்பு நிரப்பிய பெட்டியில் ‘மேடை அகலமாகிறது, குரல் முன்னே வருகிறது’ என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டில் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, தெரியாமல் மாட்டவும் கழற்றவும் சொல்லட்டும். ஒவ்வொரு முறையும் எது என்று எழுதிவைக்கட்டும். வெறும் ஊகத்தில் 10-க்கு 9 அல்லது அதற்கு மேல் சரியாக வர 100-இல் ஒரு வாய்ப்புதான். அப்படி ஒருவருக்கு மறுபடி மறுபடி வந்தால், என் கருத்தை மாற்றிக்கொண்டு மறுபடி உப்பு நிரப்பத் தயாராக இருக்கிறேன்.