கூஸ், ரோடன்பாக், கோசே: சாயல்குடித் திண்ணையில் மூன்று புளிப்புகள்

"புளிப்பு" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனை ருசிகளைச் சமாளிக்கிறோம் என்பது, புளித்த பீரை மதிப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நீராகாரமும் புளிப்பு, காடியும் (வினிகர்) புளிப்பு, புளியங்காயும் புளிப்பு. உள்ளே இருக்கும் அமிலம் மூன்றிலும் வேறு. நீராகாரத்திலும் மோரிலும் லாக்டிக், காடியில் அசிட்டிக், புளியில் டார்டாரிக். முதல் இரண்டையும் நாக்கில் பிரித்தறியத் தெரிந்தவருக்கு, இங்கே வரும் மூன்று பாட்டில்களில் தனக்கு எது ஒத்துவரும் என்பது பாதி தெரிந்த மாதிரிதான்.

ஆன்ட்வெர்ப்பில் வேலை முடிந்து ஊருக்கு வரும்போது துணிகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்தவை இவை. பெல்ஜியத்தின் லெம்பேக் ஊரில் எடுக்கும் பூன் ஔடே கூஸ், ரூசெலாரே ஊரின் ரோடன்பாக் கிராண்ட் க்ரூ, ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக் கோசே. மூன்றும் சேர்ந்து ஒன்றேகால் லிட்டருக்குள் அடக்கம். சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர் வரை விடுகிறார்கள். (கூஸ் வேறு, கோசே வேறு. இரண்டுக்கும் முட்டைக்கோசுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அத்தை முதலில் அதைத்தான் கேட்டார்.)

உட்கார்ந்த இடம் ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையில் மாமா வீட்டுத் திண்ணை. மே மாதம், கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கும் நேரம். மாமா பனையேறி. பருவத்தில் இன்றைக்கும் ஏறிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிறார். 1987-ல் கள்ளுக்குத் தடை வந்தபோது அவருக்கு இருபத்திரண்டோ மூன்றோ. அதற்கு முன் நாலைந்து பருவம் கள் இறக்கியவர். காட்டு ஈஸ்டில் நொதித்ததை எடைபோட இந்தக் கடற்கரையில் அவரைவிடத் தேர்ந்த நாக்கு எனக்குக் கிடைக்காது.

குளிரவைப்பதே பெரும்பாடு. புளித்த பீரை 10, 12 டிகிரியில் குடிக்கச் சொல்வார்கள். அதற்குக் கீழே போனால் மணம் உறைந்துபோய்ப் புளிப்பு மட்டும் மிஞ்சும். வெளியே 35-க்கு மேல், மின்சாரம் மதியமே போய்விட்டது. ஈரச்சாக்கு சுற்றிப் பார்த்தோம், இந்தக் கடல்காற்றின் ஈரத்தில் சாக்கு காய்ந்தால்தானே பாட்டில் குளிரும்? கடைசியில் மூக்கையூரிலிருந்து மீன் வந்த ஐஸ் பெட்டிதான் கைகொடுத்தது. மீன் வாடை ஒட்டாமலிருக்க இரண்டு பிளாஸ்டிக் பை. ஊற்ற கண்ணாடி டம்ளர். எவர்சில்வரில் நிறம் தெரியாது.

தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு வாய் நீராகாரம், பிறகு அத்தை ஊறுகாய்க்கு வைத்திருந்த காடியில் விரல்நுனி. லாக்டிக் புளிப்பு நாக்கின் இருபுறமும் உருண்டையாகப் பரவி அடங்கும். அசிட்டிக் புளிப்பு முதலில் மூக்கில் குத்தி, பிறகு தொண்டையில் சுடும். இந்த இரண்டும் மனசில் இருக்கட்டும்.

முதலில் கோசே, இருப்பதில் மென்மையானது என்பதால். கோஸ்லார் என்ற ஊரில் பிறந்து லைப்சிக்கில் பேர் வாங்கிய கோதுமை பீர். இதில் மல்லி விதையும் உப்பும் சேர்ப்பார்கள். 1960-களில் லைப்சிக்கில் அடியோடு நின்றுபோய், 1980-களில் மறுபடி உயிர்பெற்றது. இன்றைய கோசேயில் புளிப்பு பெரும்பாலும் தேர்ந்தெடுத்து வளர்த்த லாக்டிக் பாக்டீரியாவால் வருவது, காட்டு நொதிப்பு என்று இதைச் சொல்ல முடியாது. ஆல்கஹால் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. மங்கிய மஞ்சள், லேசான எலுமிச்சை, மல்லி, கடைசியில் உப்பு. அவ்வளவுதான். மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்ப்பு, நீச்சத்தண்ணில உப்பப் போட்டா இதான? வாலிநோக்கத்துல உப்பளம் கிடக்கு, இதுக்கு எதுக்கு செர்மனி?"

எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. தப்பு ஏதும் இல்லாத பானம், ஆனால் இரண்டாவது வாயில் புதிதாகச் சொல்ல அதனிடம் ஒன்றும் இல்லை. பாதி பாட்டிலை மூடி ஐஸ் பெட்டியில் போட்டோம்.

ரோடன்பாக் வேறு ஜாதி. 1821 முதல் நடக்கும் ஆலை. ஆளைவிடப் பல மடங்கு உயரமான ஓக் மரப் பீப்பாய்கள் வரிசையாக நிற்கும். ஈஸ்டும் லாக்டிக் பாக்டீரியாவும் கலந்த ஆலையின் சொந்த உறையில் நொதித்து, அந்தப் பீப்பாய்களில் இரண்டு வருடம் கிடந்த பீர் மூன்றில் இரண்டு பங்கு, இளம் பீர் ஒரு பங்கு. அப்படிக் கலந்தது கிராண்ட் க்ரூ. ஆல்கஹால் 6 சதவீதம். மரத்தின் இண்டு இடுக்கு வழியாகக் கசியும் காற்றைப் பிடித்துக்கொண்டு அசிட்டிக் பாக்டீரியாவும் தன் பங்குக்குக் கொஞ்சம் வேலை பார்க்கும். இந்தப் பீரின் அழகும் வம்பும் அங்கேதான்.

நிறம் பார்த்ததும் மாமா கருப்பட்டிப் பாகு என்றார். செம்பழுப்பு. மூக்கில் செர்ரி, பச்சை ஓக், பின்னால் மெல்லிய காடி. வாயில் முதலில் இனிப்பு, அதன் முதுகில் ஏறி வரும் புளிப்பு. புதிதாகக் குடிப்பவருக்கு இதுதான் உடனே பிடிக்கும், ஏனென்றால் இனிப்பு கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது. மாமாவுக்குப் பிடிக்காததற்கும் அதுவேதான் காரணம்.

"கள்ளு காடியாப் போச்சுன்னா கீழ கொட்டிருவோம் மாப்ள. இவன் அதுல கருப்பட்டியத் தட்டிப் போட்டு வித்துருக்கான்."

கொஞ்சம் அநியாயமான தீர்ப்பு. காடி இங்கே ஓரமாகத்தான் நிற்கிறது, நடுவில் உட்காரவில்லை. ஆனால் பனையேறிக்கு அசிட்டிக் வாடை என்பது ஒரு நாள் உழைப்பு வீணான வாடை. அந்த மூக்கோடு வாதாட முடியாது.

இனி கூஸ். இதற்காகத்தான் இத்தனை பாடும்.

பிரஸ்ஸல்ஸுக்கு மேற்கிலும் தென்மேற்கிலும், சென்னே ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் அதையொட்டிய பாயோட்டன்லாந்து பகுதியிலும் செய்யும் லாம்பிக் என்ற பீர்தான் இதன் தாய். மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு முளைகட்டாத கோதுமை, மீதி முளைகட்டி உலர்த்திய பார்லி, அதாவது மால்ட். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைக் கூட வருடக்கணக்கில் பழசாகிக் கசப்புச் செத்ததைத்தான் போடுவார்கள். மணிக்கணக்கில் கொதித்த சாற்றை ஆழமில்லாத அகலத் தொட்டியில் ஊற்றி ராத்திரி முழுக்கத் திறந்தே விடுவார்கள். ஈஸ்ட் என்று யாரும் எதையும் சேர்ப்பதில்லை. காற்றிலும் கூரையிலும் இருப்பது விழும், பிறகு மரப்பீப்பாயில் குடியிருப்பது சேர்ந்துகொள்ளும். பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900-ல் தொடங்கிய காந்தியோன் ஆலைக்குப் போயிருந்தபோது கூரைக்கடியில் அந்தச் செம்புத் தொட்டியைப் பார்த்தேன். அங்கே சிலந்திவலையைக் கலைப்பதில்லை. பழ ஈக்களைப் பிடிக்கும் ஆள் சிலந்தி என்பதால். மாமாவிடம் சொன்னதும் சிரித்தார். கள் இறக்கிய காலத்தில் அவரும் கலயத்தை அலசித் துடைத்ததில்லை. நேற்றைய கள் ஒட்டியிருந்தால்தான் இன்றைய சாறு சீக்கிரம் பொங்கும். பதநீருக்குத்தான் கலயம் சுத்தமாக வேண்டும், உள்ளே சுண்ணாம்பு பூசியிருக்கவும் வேண்டும்.

தொடக்கம் இப்படி ஒன்றுபோல இருந்தும் கள்ளும் கூஸும் எதிரெதிர்ப் பக்கம் போய்விடுகின்றன. பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு சர்க்கரை. சட்டென்று உடைத்துத் தின்றுவிடக்கூடிய சர்க்கரை. ஈஸ்டும் சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் பாளையிலிருந்து சொட்டும்போதே விருந்துக்கு உட்கார்ந்துவிடும். நம் வெயிலில் காலைச் சாறு அந்திக்குள் கள், மறுநாள் காடிக்குப் பக்கம். லாம்பிக் சாற்றிலோ மாவுச்சத்தின் முரட்டுத் துண்டுகள் நிறைய மிச்சமிருக்கும்படியே காய்ச்சுகிறார்கள். சாதாரண ஈஸ்ட் முதல் சில மாதங்களில் தன்னால் முடிந்ததைத் தின்றுவிட்டு ஓய்ந்துவிடும். பிறகு பெடியோகாக்கஸ் பாக்டீரியா புளிப்பேற்றும். அந்தக் கட்டத்தில் பீர் சில சமயம் கற்றாழைச் சோறு மாதிரி நூல் நூலாக இழுக்கும், பார்த்தால் கெட்டுப்போனது என்றுதான் சொல்வோம். அதற்கும் பிறகு பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் மெல்ல வந்து, முரட்டுத் துண்டுகளையும் அந்த வழவழப்பையும் சேர்த்தே தின்று தீர்க்கும். வருடக்கணக்கில் நடக்கிற வேலை இது. குளிர்காலத்தில் மட்டும், அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் காய்ச்சுவதற்கும் காரணம் உண்டு. ராத்திரி குளிராவிட்டால் வேண்டாத பாக்டீரியா முந்திக்கொள்ளும். சாயல்குடியில் அந்தத் தொட்டியைத் திறந்து வைத்தால் விடிவதற்குள் என்னவாகும் என்று மாமாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இளசும் முதிர்ந்ததுமான லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் மறுபடி நொதிக்கவிட்டால் கூஸ். முகப்பில் 'ஔடே' என்று இருந்தால் முழுக்க லாம்பிக், அதில் மூன்று வருடம் முதிர்ந்ததும் கலந்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சொல் இல்லாமல் 'கூஸ்' என்று மட்டும் விற்பதில் இனிப்பூட்டியவையும் உண்டு. வாங்கும்போது பார்க்க வேண்டியது இந்த ஒரு சொல்தான்.

கார்க்கைத் திறந்ததும் நுரை சீறி எழுந்து சட்டென்று அடங்கியது. பொன் நிறம். நான் முகர்ந்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே, குடிக்காமல் மூக்கை மட்டும் நீட்டிய அத்தை சொன்னார்: "மழ பேஞ்ச மறுநாத்து மாட்டுக்கொட்டில் மாரி இருக்கு தம்பி. ஓரத்துல ஆட்டுக் கிடையும் இருக்கு."

இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது. பிரெட்டனோமைசஸ் தரும் மணத்தை ஐரோப்பாவில் தொழுவம், குதிரைப் போர்வை என்றுதான் சொல்கிறார்கள். ஆட்டு வாடைக்குக் காரணம் காப்ரிலிக் போன்ற அமிலங்கள். லத்தீனில் ஆட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அவற்றுக்குப் பேர். வாயில் அந்தத் தொழுவம் பின்வாங்கி, பம்பளிமாஸ் தோலும் வைக்கோலும் வரும். புளிப்பு முழுக்க நீராகாரப் பக்கம், காடிக் குத்தல் தேடினால்தான் கிடைக்கும். இனிப்பு துளியும் இல்லை. விழுங்கியபின் வாய் உலர்ந்து, சுண்ணாம்பு தொட்ட மாதிரி ஒரு துவர்ப்பு. 7 சதவீதம் ஆல்கஹால் எங்கே ஒளிந்திருக்கிறது என்றே தெரியவில்லை.

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. இரண்டாவது டம்ளரில்தான் வாய் திறந்தார். "அந்திக்கள்ளு. நல்ல மரத்துது. ஆனா இதுல ஈரமில்ல." பிறகு அவரே விளக்கினார்: கள்ளில் புளிப்புக்குக் கீழே சாற்றின் கொழகொழப்பும் மிச்ச இனிப்பும் ஓடிக்கொண்டே இருக்கும். இது எல்லாம் தின்று முடித்த எலும்பு. அவர் குறையாகச் சொன்ன அதையே நான் இந்தப் பீரின் பெருமையாக நினைக்கிறேன். இந்த ஒன்றில் நாங்கள் உடன்படவில்லை.

கெட்டதை அடையாளம் காண்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், புளித்த பீரில் "இது இப்படித்தான் இருக்கும்" என்று எதையும் தலையில் கட்டிவிடலாம். நகப்பாலிஷ் வாடை தூக்கலாக இருந்தால் குறை. வாந்தி வாடை குறை. விழுங்கிச் சில நொடி கழித்து எலிப்பொந்து ருசி மேலெழுந்தால் அதுவும் குறை. முகரும்போது அது சிக்காது, எச்சிலில் அமிலம் தணிந்த பிறகுதான் வெளிப்படும். அதனால் அவசரப்பட்டுப் பாராட்டிவிடாதீர்கள். சூடு பட்ட பாட்டில் ஈர அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும். போன வருடம் நான் கொண்டுவந்த ஒன்றை அக்கினி நட்சத்திரம் முழுக்கப் பரணில் போட்டு மறந்து, அந்த ருசியைக் கற்றுக்கொண்டேன்.

சாப்பாட்டில் வைத்துப் பார்த்தால் வரிசை கொஞ்சம் மாறுகிறது. வறுத்த நெத்திலிக்குக் கூஸுக்கு ஈடில்லை. எண்ணெயை நறுக்கென்று வெட்டி அடுத்த மீனுக்கு வாயைத் தயாராக்குகிறது. ஆனால் நகரை மீன் குழம்பிடம் தோற்றுப்போனது. புளியின் முன்னால் அதன் புளிப்பு தண்ணீராகிவிட்டது, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாயின் காரத்தை அதன் நுரை இன்னும் ஊதிவிட்டது. குழம்புக்கு ரோடன்பாக்கின் இனிப்பு தாங்கியது. ஆட்டு ஈரல் வறுவல் இருந்திருந்தால் ரோடன்பாக் இன்னும் ஒரு படி ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரே பாட்டில்தான் வாங்க முடியும் என்றால் நான் கூஸ் வாங்குவேன். புளித்த பீரே குடித்திராத நண்பருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ரோடன்பாக். கோசேயை என் பெட்டியில் இனி ஏற்றுவதாக இல்லை.

இப்படி முடிவெடுத்து ஆறு மணி வாக்கில் ஐஸ் பெட்டியைத் திறந்தால், மூடி வைத்த கோசே பாட்டில் காலி. மாமா மகன் கடலிலிருந்து வந்து, வலையை வாசலில் போட்டுவிட்டு, நின்றபடியே ஒரே மடக்கில் முடித்திருந்தான். உப்புக் காய்ந்த முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"நல்லாருக்கே மச்சான். இன்னொன்னு கிடக்கா?"