எரிமலையா, மஞ்சள் தாளா, மூழ்கும் மூடியா?

விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்காக மூன்று அறிவியல் வித்தைகளையும் செய்து பார்த்தபின், பாட்டிலுக்குள் மூழ்கி எழும் பேனா மூடியைத்தான் நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

சமையல் சோடாவில் எலுமிச்சைச் சாற்றைப் பிழியும் ‘எரிமலை’யை எல்லோரும் அறிவார்கள். கரியமில வாயு நுரைத்துப் பொங்கும், பிள்ளைகள் கூச்சலிடுவார்கள், சற்று நேரத்தில் அடங்கிவிடும். மேசையைத் துடைப்பது நம் வேலை.

மஞ்சள் தாள் அதைவிட மேல். மஞ்சள்தூளைக் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி உலர்த்தி, சோப்பு நீரைத் தொட்டு வைத்தால் செம்பழுப்பாகும். எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீர் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பது இதனால்தான் என்று சொன்னால், அடுத்த விசேஷத்தில் பிள்ளைகள் தட்டை விட்டு நகரமாட்டார்கள். ஆனால் மஞ்சள் கறை சட்டையை விட்டுப் போகாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

மூழ்கும் மூடிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. பேனா மூடியின் கிளிப் முனையில் சிறிது களிமண்ணை ஒட்டி, திறந்த வாய் கீழே இருக்க, நுனி மட்டும் நீருக்கு மேல் தெரியும்படி மிதக்கிறதா என்று முதலில் ஒரு டம்ளரில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு விளிம்புவரை நீர் நிரப்பிய மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் அதைப் போட்டு, இறுக மூடி, பக்கங்களை அமுக்கினால் அது மூழ்கும், விட்டால் எழும். அழுத்தத்தில் உள்ளே அடைபட்ட காற்று சுருங்க, அந்த இடத்தில் நீர் ஏறி மூடி கனக்கிறது; ஒளி ஊடுருவும் மூடியானால் நீர் ஏறுவதையே கண்ணால் காணலாம். தத்துவ அறிஞர் டேக்கார்ட்டின் பெயரால் இது வழங்கினாலும், 1648இல் இதை விவரித்து எழுதியவர் ரஃபாயெல்லோ மாஜோட்டி என்ற இத்தாலியர்.

என் முடிவுக்குக் காரணம் ஒன்றே: இதில் எதுவும் செலவாவதில்லை. எரிமலைக்கு ஒவ்வொரு முறையும் சமையலறையைக் கேட்க வேண்டும், மஞ்சள் தாளுக்குப் புதுத் தாள் பூச வேண்டும். இந்தப் பாட்டிலையோ பிள்ளை தானே தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் காட்டலாம், ‘ஏன் மூழ்குகிறது’ என்ற கேள்வி எத்தனை முறை எழுந்தாலும் அத்தனை முறையும் அமுக்கிப் பார்த்துக்கொள்ளலாம். பராமரிப்பு என்று இருப்பது, காற்று கசிந்து மூடி அடியிலேயே தங்கிவிட்டால் நீரைக் கொட்டி மறுபடி போடுவது மட்டுமே. பல பேனா மூடிகளின் தலையில், விழுங்கினாலும் மூச்சு அடைபடாமலிருக்க ஒரு துளை இருக்கும். அதை மெழுகால் அடைக்காவிட்டால் வித்தை பலிக்காது.

என் பேரப்பிள்ளைகள் பள்ளி செல்லும் வயதினர். அதற்கும் சிறியவர்களிடம் நான் செய்து பார்த்ததில்லை. பாட்டிலை அமுக்க அவர்களுக்குக் கைவலு போதாமல் போகலாம், களிமண்ணும் மூடியும் வாய்க்குப் போகும் வயது அது. அவர்களுக்கு மஞ்சள் தாளும் சோப்பு நீருமே பொருத்தமாக இருக்கலாம்.