படம் காட்டியே 6 லட்சம் வாங்கிட்டாங்க: லேஅவுட் சிமுலேஷன் வேலையை வெளியே கொடுக்கிறவங்க கவனம்

ஃபேக்டரியில புது உற்பத்தி லைன் போடறதுக்கு முன்னாடி லேஅவுட்டையும் உற்பத்திக் கணக்கையும் சாஃப்ட்வேர்ல ஓட்டிப் பார்க்க யாருக்காவது காசு கொடுக்கப் போறீங்களா? இதைப் படிச்சுட்டு கொடுங்க. 6 லட்சம் போயிடுச்சு. கைக்கு வந்தது ஒரு முப்பரிமாண வீடியோவும் தடிமனா ஒரு பிடிஎஃப்பும். ரெண்டையும் வெச்சு ஒரு மெஷினைக் கூட இடம் மாத்த முடியாது. என்னென்ன சரிபார்க்கணும்னு கடைசியில விவரமாச் சொல்றேன்.

ஆள் கிடைச்சது ஃப்ரீலான்ஸ் நிபுணர்களைக் கோத்து விடற ஒரு ஆன்லைன் தளத்துல. நம்ப வெச்சது வீடியோ டெமோ இல்ல, அந்த மாதிரி வீடியோ எல்லாருமே காட்டறாங்க. அவங்க கேட்ட கேள்விகள்தான் நம்ப வெச்சது. ஒவ்வொரு மெஷினும் சராசரியா எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பழுதாகுது, சரிசெய்ய எவ்வளவு நேரம், எந்த மாடல்ல இருந்து எந்த மாடலுக்கு மாத்த எத்தனை நிமிஷம், எந்த ஸ்டேஷன்ல இருந்து எதுக்கு எத்தனை ட்ரிப்னு ஒரு ஃப்ரம்-டு சார்ட். இதையெல்லாம் கேட்கிறவன் வேலை தெரிஞ்சவனாத்தானே இருக்கணும்? எல்லாத்தையும் எக்செல்ல தனித்தனி ஷீட்டாப் போட்டு அனுப்பியாச்சு. பாதிப் பணம் முன்னாடி, மீதி வீடியோவும் ரிப்போர்ட்டும் வந்ததும். மொத்தம் 6 லட்சம்.

அனுப்பினதுல முதல் ஷீட்டைத் தவிர எதையும் அவங்க தொடவே இல்ல. ரிப்போர்ட் பின்னிணைப்புல இருக்கிற இன்புட் டேபிளைப் பார்த்தாலே தெரியுது: சைக்கிள் டைம், அதாவது ஒரு பீஸை முடிக்க மெஷினுக்கு ஆகற நேரம், மட்டும் நம்மளோடது, பழுது காலம் எல்லா மெஷினுக்கும் பூஜ்யம்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு கணக்கைப் பாருங்க. 8 மணி நேர ஷிஃப்ட்ல இடைவேளை 60 நிமிஷம் போனா மிச்சம் 420 நிமிஷம், அதாவது 25,200 விநாடி. தேவை 700 பீஸ், அப்போ டாக்ட் டைம், அதாவது ஒரு பீஸுக்குக் கிடைக்கிற நேரம், 36 விநாடி. லைன்லயே மெதுவான மெஷினோட சைக்கிள் டைம் 34 விநாடி. ரிப்போர்ட் 25,200-ஐ 34-ஆல வகுத்து 741 பீஸ் வரும், இலக்கைத் தாண்டிடலாம்னு பச்சைக் கலர்ல போட்டிருக்கு. பழுதும் ரிஜெக்‌ஷனும் போக அந்த மெஷினோட திறன் 85 சதவீதம்னு ரெண்டாவது ஷீட்ல இருக்கு. 34-ஐ 0.85-ஆல வகுங்க, 40 விநாடி. நல்ல பீஸ் 630 தான். மாடல் மாத்தற நேரம் இதுல இன்னும் சேரல. ஷிஃப்ட்டுக்கு ரெண்டு தடவை, தடவைக்கு 35 நிமிஷம்னா 70 நிமிஷம் காலி, 525 பீஸ். 741 எங்கே, 525 எங்கே? ஒரு கால்குலேட்டர் சொல்றதைச் சொல்லாத சிமுலேஷனுக்கா 6 லட்சம்?

அடுத்தது பஃபர். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல பீஸ் நிக்கிற இடத்துக்கு அளவே வைக்கல, எத்தனை வந்தாலும் ஏத்துக்கற மாதிரி விட்டுட்டாங்க. தரையில நிஜமா இருக்கிற இடம் 12 பீஸுக்கு. 36 விநாடிக்கு ஒண்ணுன்னு எடுத்தா 7 நிமிஷத்துல தீந்துடும். முன்னாடி மெஷின் 20 நிமிஷம் நின்னா அடுத்த மெஷின் 13 நிமிஷம் சும்மா நிக்கும். பின்னாடி மெஷின் நின்னா, முன்னாடி இருக்கிறது பீஸை இறக்க இடமில்லாம நிக்கும். சிமுலேஷன்னு ஒண்ணு செய்யறதே இந்த ரெண்டையும் பார்க்கத்தான். போதாக்குறைக்கு ஒரே ஒரு ஷிஃப்ட், ஒரே ஒரு தடவை ஓட்டி, காலி லைன்ல ஆரம்பிச்சு, அதுல வந்த நம்பரை முடிவுன்னு எழுதியிருக்காங்க.

லேஅவுட் பக்கம் போனா இன்னும் எரியுது. தூரத்தை மெஷினோட நடுவுல இருந்து அடுத்த மெஷினோட நடுவுக்கு நேர்கோட்டுல அளந்திருக்காங்க. 18 மீட்டர் குறுக்கே, 24 மீட்டர் நீளத்துல இருக்கிற ரெண்டு ஸ்டேஷனுக்கு 30 மீட்டர்னு கணக்கு. ஃபோர்க்லிஃப்ட் மெஷின் மேல பறக்காது, நடைபாதையில சுத்திப் போனா 42 மீட்டர். லேஅவுட் வரைபடத்தோட டிஎக்ஸ்எஃப் ஃபைலைத் திறந்து பார்த்தா தூண்கள் இருக்கிற லேயரையே ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க. ஆன் பண்ணினா ஒரு தூண் கன்வேயருக்கு நடுவுல நிக்குது. சிஎன்சி மெஷின்ல உலோகச் சீவலை வெளியேத்தற சிப் கன்வேயரை வெளியே இழுக்கற பக்கம் சுவர். எலக்ட்ரிகல் பேனல் கதவு பாதிகூடத் திறக்காது. வீடியோவுல மட்டும் எல்லாரும் அழகா நடந்து போறாங்க!

கேட்டா என்ன பதில் தெரியுமா? முதல்ல, “நீங்க கொடுத்த டேட்டாதாங்க அது.” ரெண்டாவது ஷீட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினா, “பழுது காலம் ஸ்கோப்ல இல்ல, தனி சார்ஜ்.” அப்புறம் எதுக்குய்யா கேட்டு வாங்கினே? மாடல் ஃபைலைக் கொடு, நாங்களே திருத்திக்கறோம்னா, “அது எங்க அறிவுசார் சொத்து.” ரொம்ப அழுத்தினதுக்கு அப்புறம் ஓட்டிப் பார்க்க மட்டும் முடியற ஒரு ஃபைல் வந்துச்சு, உள்ளே ஒரு எண்ணைக்கூட மாத்த முடியாது. வீடியோ ஓரத்துல மாணவர் பதிப்புன்னு வாட்டர்மார்க் தெரியுதேன்னு கேட்டா, “ரெண்டரிங் பிரச்சினை சார்.” மாணவர் லைசென்ஸ்ல செஞ்ச வேலையைப் பொதுவா வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, அது வேற தலைவலி.

தளத்தோட ஹெல்ப் சாட் இன்னும் மோசம். “டெலிவரபிள்னு (கொடுக்க வேண்டியதுன்னு) எழுதியிருக்கிறது சிமுலேஷன் ரிப்போர்ட். ரிப்போர்ட் வந்துடுச்சு. புகார் கொடுக்கிற காலக்கெடுவும் முடிஞ்சது. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?” டிக்கெட் க்ளோஸ். 6 லட்சம் அவங்க கணக்குல.

விவரமாச் சொல்றேன்னேன், இப்போ இருக்கிற கோபத்துல இவ்வளவுதான் வருது. திருத்தக்கூடிய மாடல் ஃபைலும் இன்புட் டேபிளும் டெலிவரபிள்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்குங்க. இப்போ ஓடற லைனை முதல்ல மாடல் பண்ணச் சொல்லுங்க. அதுல வர்ற உற்பத்தி உங்க ரெஜிஸ்டரோட ஒத்துப் போகாம புது லைனுக்குக் காசு விடாதீங்க. ஒரே ஓட்டத்துல வந்த ஒற்றை நம்பரை வாங்காதீங்க. ரேண்டம் சீட் (பழுது எப்போ வரும்னு சாஃப்ட்வேர் குலுக்கிப் போடற ஆரம்ப எண்) மாத்தி குறைஞ்சது பத்து தடவை ஓட்டி, வார்ம்-அப் (காலி லைன் நிரம்பற ஆரம்ப நேரம்) கழிச்சு, உற்பத்தி எதுல இருந்து எது வரைக்கும் வரும்னு கேளுங்க. கதவு, பேனல், மெயின்டனன்ஸ் இடம் எல்லாத்தையும் லேஅவுட்ல கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்க. வீடியோவுக்குன்னு தனியா ஒரு பைசா கொடுக்காதீங்க. மத்ததை அப்புறம் எழுதறேன், 741 கணக்கை வெச்சு தளத்துல மறுபடியும் புகார் போடணும்.