சேலத்தில் இருநூறு நாற்காலி அரங்கம்: எங்கே உட்கார்ந்தால் என்ன கேட்கும்

அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் நடுவே, முதல் மாடியில் இருக்கிறது இந்த அரங்கம். வாய்ப்பாட்டுக் கச்சேரிதான் அதிகம். அவ்வப்போது வீணை, புல்லாங்குழல், எப்போதாவது மெல்லிசைக் குழு. பெரும்பாலான மாலைகளில் நுழைவு இலவசம், வாசலில் நன்கொடைப் பெட்டி. குறைகளையும் எழுதப்போவதால் பெயரைத் தவிர்க்கிறோம். பெயர் தேவைப்படவும் இல்லை. மண்டபத்தின் மினி ஹாலைக் கச்சேரிக்குத் திருப்பிக்கொண்ட எந்த இடத்துக்கும் கீழே சொல்பவை பெரிதும் பொருந்தும்.

போகலாமா என்றால், கட்டாயம் போகலாம். மேடையிலிருந்து பின்சுவர் வரை ஏறக்குறைய 16 மீட்டர்தான். வயலின் வில் திரும்புவதும், மிருதங்கக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்து அடுத்த சங்கதிக்குத் தயாராவதும் கடைசி வரிசைக்கும் தெரியும். பெரிய கலையரங்கில் திரையில் காட்டினாலும் இது கிடைக்காது. ஒரே குறை ஒலி. அதுவும் கருவிகளின் குறை இல்லை. எல்லா மைக்கின் ஒலியையும் சேர்த்துச் சரிசெய்யும் மிக்சர் மேடைக்குப் பக்கத்து அறையில், கதவுக்குப் பின்னால் இருக்கிறது. சபைக்கு என்ன கேட்கிறது என்று ஒலியமைப்பாளருக்குத் தெரிய வழியே இல்லை. இந்த அரங்கில் நடக்கும் தவறுகளில் பாதி அந்தக் கதவில் தொடங்குகின்றன.

முதலில் அரங்கின் குணம். நீளம் 16, அகலம் 11, உயரம் 4.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கன அளவு 792 கன மீட்டர். டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், ஜிப்சம் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி. இவற்றில் எதுவும் ஒலியைப் பெரிதாக விழுங்காது. சபைன் வாய்பாட்டில் (0.161 × கன அளவு ÷ உறிஞ்சும் பரப்பு) போட்டால் காலி அரங்கில் ஒலி அடங்க இரண்டரை நொடிக்கு மேல் ஆகும். ஒரு ஆள் உட்கார்ந்தால் சுமார் 0.45 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு கூடும். 60 பேர் வந்தால் 1.8 நொடி, 180 பேர் வந்தால் ஒரு நொடியை ஒட்டி. கச்சேரிக்கு ஒரு நொடி சுகம். ஆலாபனைக்குக் கார்வை நிற்கும், கிருதியின் சொல்லும் புரியும். 1.8 நொடியில் ராகம் அழகாகத்தான் இருக்கும், சாகித்யம், அதாவது பாட்டின் சொல், கரைந்துபோகும்.

ஆகவே கூட்டம் குறைந்த நாளில் ஆளுக்கொரு மூலையில் விசிறிக்கு அடியில் உட்காராதீர்கள். வந்தவர்கள் எல்லோரும் முன்பாதியில் நெருங்கி உட்கார வேண்டும். கேட்கிறவருக்கு நேர் ஒலி அதிகமாகவும் சுவர் ஒலி குறைவாகவும் வரும். பாடுகிறவருக்கும் எதிரே முகங்கள் இருக்கும்.

பின்சுவர் தனிக்கதை. மேடையில் எழும் ஒலி அங்கே மோதி மேடைக்கே திரும்ப 32 மீட்டர், அதாவது 90 மில்லி நொடிக்குச் சற்று மேல். 50 மில்லி நொடியைத் தாண்டித் திரும்பும் கூரான ஒலியைக் காது தனியாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கும். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் நிமிடத்துக்கு 60 தட்டு என்ற காலப்பிரமாணத்தில் ஒரு தட்டுக்கு எட்டுச் சொல் (மிருதங்க அடி) விழுந்தால், சொல்லுக்குச் சொல் 125 மில்லி நொடி. திரும்பிவரும் எதிரொலி இரண்டு சொல்லுக்கு நடுவே விழுகிறது. வாசிப்பவருக்குக் கலவரம், முன்வரிசைக்கும் ‘தரிகிட’ மொழுக்கென்று கேட்கும். பின்சுவர் முழுக்க மடிப்பு வைத்த கனமான திரை, சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டாலே இது பெருமளவு போய்விடும். இப்போது அங்கே வினைல் பேனர்தான் தொங்குகிறது. மெல்லிய வினைல் எதிரொலியை அடக்காது.

எங்கே உட்காரலாம்? எங்கள் தேர்வு மூன்றாவது, நான்காவது வரிசை, நடுப்பாதைக்கு இரண்டு நாற்காலி தள்ளி. ஸ்பீக்கர்கள் மேடையின் இரு ஓரத்திலும் ஸ்டாண்டில் நிற்கின்றன. அவற்றின் நேர் எதிரே முதல் இரண்டு வரிசைகளில் உட்கார்ந்தால் ஒரு காதுக்கு மட்டும் அடி. அதே முதல் வரிசையின் நடு நாற்காலிகள் ஸ்பீக்கரின் வீச்சுக்கு வெளியே விழுகின்றன. அங்கே மைக் வழியாக இல்லாமல் வாத்தியத்தின் சொந்த ஒலியே கேட்கும். லயம் படிக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மிருதங்கத்தின் சிறிய முகமான வலந்தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கம் அமருங்கள். குரல்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஐந்தாம் வரிசை. சுவரோரம் வேண்டாம். கடைசி வரிசையும் வேண்டாம். சுவர் கீழ் சுருதிகளைத் தூக்கிக் கொடுப்பதால் மிருதங்கத்தின் பெரிய முகமான தொப்பியின் ‘தொம்’ பாட்டை மூடும்.

இனி அந்தக் கதவு. இருநூறு பேர் அமரும் இடத்தில் கர்நாடக இசைக்கு 75 முதல் 80 டெசிபல் சராசரி தாராளம். அலைபேசி செயலியில் பார்த்தாலே தோராயமாகத் தெரியும். இங்கே இரண்டாவது உருப்படியில் (பாடலில்) சரியாக இருப்பது, தனி ஆவர்த்தனம் வரும்போது 90-ஐத் தொடுகிறது. ஏறுவது எப்படி என்று மேடையைக் கவனித்தால் விளங்கும். பாடகர் தன் மானிட்டரில் (கலைஞர்களை நோக்கி மேடையில் வைத்த ஸ்பீக்கர்) வயலினைக் கொஞ்சம் ஏற்றச் சொல்வார். வயலின்காரர் குரலை ஏற்றச் சொல்வார். மிருதங்கம் தன்னை ஏற்றச் சொல்லும். மானிட்டர் ஒலி மைக்குகளுக்குள் திரும்பப் புகும், சபை ஸ்பீக்கரில் எல்லாம் குழம்பும். அறைக்குள் இருப்பவர் தெளிவு வேண்டி மொத்த ஒலியையும் கூட்டுவார். சபையில் நிற்பவராக இருந்தால் முதலில் இறக்கியிருப்பார்.

ஏற்பாட்டாளர்கள் படித்தால் செய்யக்கூடியவை இவை. மானிட்டரில் ஒருவருக்கு ஏற்றுவதற்குப் பதில் மற்றவர்களை இறக்குங்கள். முன்னால் வரும் ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக் தன் முதுகுக்கு நேர் பின்னால் வரும் ஒலியைத்தான் மிகக் குறைவாக வாங்கும். மானிட்டரை அங்கே வையுங்கள், பக்கவாட்டில் வேண்டாம். குரல் மைக் வாயிலிருந்து 15 சென்டிமீட்டர். அது 30 ஆனால் குரல் 6 டெசிபல் குறையும், அதை ஈடுகட்ட ஏற்றினால் ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பச் சுழன்று கூவ ஆரம்பிக்கும். வயலினுக்கு மேலே 30 சென்டிமீட்டர். வலந்தலைக்கு 15 முதல் 20, தொப்பிக்கு அதைவிடச் சற்றுக் கிட்டே. திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால், கூவாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறைந்துவிடும். ஆகவே வரவேற்புரை மைக்கைப் பேச்சு முடிந்ததும் அணைத்துவிடுங்கள். இங்கே அது கச்சேரி முடியும் வரை திறந்தே கிடக்கிறது.

கூவலை அடக்கும் வேலையைச் சபை வருவதற்கு முன்பே முடிக்க வேண்டும். மைக்குகள் தங்கள் இடத்தில் இருக்க, ஒலியை மெல்ல ஏற்றி, எந்த அலைவரிசை முதலில் கூவுகிறதோ அதை 31 பட்டை ஈக்யூவில் (அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 3 டெசிபல் இறக்க வேண்டும். மூன்று நான்கு அலைவரிசைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்துப் பட்டைகளை இறக்கினால் குரலின் உயிரே போய்விடும். குரலுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம்; மேடைப் பலகையில் தாளம் போடும் தட்டு மைக்கில் ஏறாது. சுருதிப்பெட்டி மானிட்டரில் மட்டும் இருந்தால் போதும். சபை ஸ்பீக்கரிலும் உரக்கப் போட்டால் இரண்டரை மணி நேரமும் காதில் இரைச்சலாகத் தங்கும்.

மிக்சரை ஏழாவது வரிசைக்குக் கொண்டுவர பல மைக் இணைப்புகளை ஒன்றாகக் கொண்டுபோகும் ஒரு நீண்ட மல்டிகோர் கேபிள் போதும். டிஜிட்டல் மிக்சர் என்றால் டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சபையில் நடந்தே சரிசெய்யலாம். இரண்டு நாற்காலி இழப்பதற்குத் தயங்கும் ஏற்பாட்டாளர்கள், சுமாராகக் கேட்கும் நூறு நாற்காலிகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மின்சாரமும் சொல்லியாக வேண்டியது. விளக்கு டிம்மரும் மிக்சரும் ஒரே லைனில் இருப்பதால் விளக்கு மங்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘ஞீ’ என்று ஒரு ரீங்காரம். தனி லைன் இழுக்க வேண்டும். வீணைப் பிக்கப்புக்கு (வீணையில் பொருத்தும் ஒலிவாங்கி) டிஐ பாக்ஸ் என்ற இணைப்புப் பெட்டி வைத்து, அதில் தரை இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போட்டால் மீதி இரைச்சலும் போகும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் சில நொடியில் வந்துவிடுகிறது. டிஜிட்டல் மிக்சரோ மறுபடி எழ அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கிறது. மிக்சருக்கு மட்டும் ஒரு சிறிய யுபிஎஸ் போதுமே. அப்படிக் கரண்ட் போன இடைவெளியில் பாடகர் நிறுத்தாமல் பாடினால் கவனியுங்கள். இந்த அளவு அரங்குக்கு மைக் எவ்வளவு குறைவாகத் தேவை என்பது அந்த அரை நிமிடத்தில் புரியும்.

ஏசி பற்றி: சேலத்தில் ஏப்ரல், மே என்றால் வெளியே 38, 40 டிகிரி. ஏசி இல்லாமல் முடியாது. ஆனால் கச்சேரி தொடங்கும்போது போடுகிறார்கள், அதுதான் பிழை. குளிர்ந்த வறண்ட காற்றில் தோல் இறுகும், மிருதங்கத்தின் சுருதி ஏறும்; தொப்பியில் தடவிய ரவைப்பசை காய்ந்து ‘தொம்’ கட்டையாகும். கஞ்சிராவுக்கு அடிக்கடி தண்ணீர் தொட வேண்டிவரும். கடத்துக்கு அப்படித் திருத்த வழி இல்லை, அதனால்தான் வித்வான்கள் இரண்டு மூன்று கடங்களோடு வருகிறார்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் நடுவே கல்லும் மரக்கட்டையுமாகச் சுருதி சேர்ப்பதைப் பார்த்துச் சபை முணுமுணுப்பது நியாயம் இல்லை. ஒரு மணி நேரம் முன்பே ஏசியைப் போட்டு, வாத்தியங்களை உள்ளே கொண்டுவந்து பழகவிட வேண்டும். ஏசி காற்று மேடைக்கு நேரே வீசக்கூடாது. வீணை கொண்டுவருபவர்கள் மதிய வெயிலில் காருக்குள் வைத்துவிட்டு வராதீர்கள். மெட்டுகளைப் (விரல் வைக்கும் உலோகக் கட்டைகள்) பதித்த மெழுகு இளகினால் அவை நகரும், அன்றைக்கு வாசிக்க முடியாது.

நாதஸ்வரம், தவில் என்றால் இங்கே மைக்கே வேண்டாம். திறந்த வெளிக்கும் கோயில் பிராகாரத்துக்கும் பிறந்த வாத்தியங்கள் அவை. நாங்கள் பரிந்துரைப்பது பின்பாதி நாற்காலி, கதவுகளைத் திறந்துவைத்து. மெல்லிசைக் குழு வரும் மாலைகளில் டிரம்ஸும் பேஸும் இந்தச் சுவர்களுக்குள் அடங்குவதில்லை. ஆர்வம் இருந்தால் போங்கள், காதில் நுரை அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

சபைக்கும் ஒரு வேண்டுகோள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்த வரிசையில்தான் இன்றும் கச்சேரிகள் நடக்கின்றன. வர்ணத்தில் தொடங்கி, முக்கிய உருப்படியும் தனியும் பிற்பாதியில் வரும், பிறகு துக்கடாக்கள் என்ற சிறு பாடல்கள். தனி தொடங்கியதும் காபிக்கு எழுவது எல்லா ஊரிலும் இருக்கும் பழக்கம். இங்கே கதவு திறந்தால் சாலை ஹாரன் நேரே மேடைக்கு வருகிறது. முந்தைய உருப்படி முடிந்த கைதட்டலிலேயே எழுந்து போய் வந்துவிடுங்கள். கீழே தட்டுவடை செட் கிடைக்கிறது. பீட்ரூட், கேரட் துருவலும் காரச் சட்னியும் வைத்து அங்கேயே சாப்பிடலாம். பார்சல் வாங்கி உள்ளே வராதீர்கள். அந்த மொறுமொறுப்பு நான்காம் வரிசை வரை கேட்கும்.

வண்டி நிறுத்த இடம் குறைவு. இருசக்கர வாகனம் பரவாயில்லை, காரில் வருபவர்கள் அரை மணி முன்னால் வர வேண்டும். லிஃப்ட் இல்லை, படி ஏற வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் இதைக் கேட்டுக்கொண்டு வரவும். ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கும்போதே விசாரித்துவிடுங்கள். சொந்த வண்டி என்றாலும் 20 கொண்டை ஊசி வளைவு இரவில் ஏற வேண்டும், துக்கடாவை விட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

முதல்முறை போகிறவர்கள் வீணை அல்லது புல்லாங்குழல் நாளைத் தேர்ந்தெடுங்கள். மேடையில் மைக் குறைவு, ஒலி ஏறும் சிக்கலும் குறைவு. நான்காம் வரிசை நிரம்புவதற்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள்.