பதினான்கு மாத இபிபிபி தயாரிப்பு: எது உழைத்தது, எது அலமாரியில் தூங்கியது

அமெரிக்காவிலோ கனடாவிலோ உளவியலாளராகத் தனித்துத் தொழில் செய்ய வேண்டுமென்றால், படிப்பும் மேற்பார்வையில் வேலை பார்த்த மணிக்கணக்கும் போக, இபிபிபி என்ற தேர்வையும் பெரும்பாலும் தாண்டியாக வேண்டும். நான் அதை இரண்டு முறை எழுதினேன். முதல் முறை 471, இரண்டாம் முறை 574. தேர்ச்சிக்கு வேண்டியது 500 (சரியான விடைகளின் எண்ணிக்கை இல்லை, அதை மாற்றிக் கணக்கிட்ட மதிப்பெண்). இரண்டுக்கும் நடுவில் புதிதாக வாங்கியது ஒரு மாதிரித் தேர்வும் ஒரு கோடு போட்ட நோட்டும்தான். அதனால் இதைப் பொருள்களின் மதிப்புரை என்பதைவிட, அவற்றை நான் எப்படிப் பாழாக்கினேன், பிறகு எப்படி உருப்படியாகப் பயன்படுத்தினேன் என்ற கதையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. மொத்தம் 225 கேள்விகள், 4 மணி 15 நிமிடம். அதில் 50 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது. வருங்காலத் தேர்வுகளுக்காக அவற்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள். எந்த 50 என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே விசித்திரமான கேள்வி வந்தால் 'இது கணக்கில் வராததாக இருக்கும்' என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். எனக்கு அந்த ஆறுதல் நிறையத் தேவைப்பட்டது. பாடம் எட்டுப் பிரிவுகள். மதிப்பீடும் நோயறிதலும் 16 சதவீதம், தொழில் அறமும் சட்டமும் 16, சிகிச்சை 15. ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும் வெறும் 7. இந்த 7 சதவீதத்தைப் பார்த்துப் பயந்து ஒரு முழு மாதத்தை அதற்குக் கொடுத்தேன். மதிப்பெண் உள்ள 175 கேள்விகளில் அது சுமார் 12 கேள்வி. அறத்துக்கு நான் கொடுத்தது பத்து நாள்.

சரி, வாங்கியவற்றுக்கு வருவோம்.

முதலில் அச்சுப் புத்தகங்கள். பயிற்சி நிறுவனம் ஒன்றின் தொகுப்பை, தேர்வு முடித்த சீனியர் ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கினேன். அவர் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டிருந்தார், நான் மேலே பிங்க்கில் போட்டேன். நான்காம் மாதத்தில் பார்த்தால் கோடு படாத வரிகள்தான் கண்ணில் தனியாகத் தெரிந்தன. பழைய பதிப்பு வாங்கியதில் இன்னொரு வம்பு. மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் கையேடான டிஎஸ்எம்-5 2013-இல் வந்தது, அதன் திருத்திய பதிப்பு 2022-இல். நீடித்த துயரக் கோளாறு தனி நோயறிதலாகச் சேர்ந்தது அந்தத் திருத்தத்தில்தான். நெருங்கியவர் இறந்து பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதம், குழந்தைகளுக்கு 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். என் புத்தகத்தில் அது மருந்துக்கும் இல்லை. பாதி விலை ஏன் பாதி விலை என்று அப்போது புரிந்தது. குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பற்றிய பியாஜேயின் படிநிலைகள், மூளைப் பகுதிகள் போன்றவற்றுக்குப் பழைய புத்தகம் தாராளமாகப் போதும். நோயறிதலுக்கு மட்டும் புதுசு வாங்கிவிடுங்கள்.

ஒலிப்பாடங்களைக் கார் ஓட்டும்போது கேட்டேன். தெரிந்ததை நினைவூட்ட நல்லது. தெரியாத ஒன்றைக் கேட்டு ஒருநாளும் கற்றுக்கொள்ளவில்லை.

அதிகம் சொல்ல வேண்டியது ஆன்லைன் கேள்வி வங்கியைப் பற்றித்தான். முதல் சுற்றில் 58 சதவீதம் வந்தது. இரண்டாம் சுற்றில் 84. இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. என்னுடன் சேர்ந்து படிக்க வந்த ஜூனியர் பெண் ஒருத்திதான் அந்த இறக்கையைப் பிடித்து இழுத்தாள். ஒருநாள் திரையில் வந்த கேள்வியின் முதல் வரியை அவள் வாசித்து முடிப்பதற்குள் "சி" என்றேன். "அக்கா, கேள்வியே இன்னும் வரலையே" என்றாள். மீதியைப் படிக்காமல் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஏன் பி இல்ல?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிரித்து மழுப்பிவிட்டேன். அதற்கு மூன்று வாரம் கழித்துத் தேர்வு எழுதி 471 வாங்கினேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இது என் சொந்தத் துறை. ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் செய்த சோதனையை வகுப்பில் நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்ததைத் தாமே நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள்தான் முன்னால் நின்றார்கள். அதிலும் திரும்பப் படித்தவர்களுக்கே தன்னம்பிக்கை அதிகம். அந்தக் குழுவில் ஒருத்தியாக ஒன்பது மாதம் மார்க்கரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

தேர்வுக் கட்டணம் 600 டாலரை மறுபடி கட்டினேன், மையத்துக்கான தொகை தனி. பிறகு அந்த நோட்டை வாங்கினேன். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று வரி. நான் ஏன் அந்த விடையைத் தேர்ந்தெடுத்தேன். அது ஏன் தவறு. கேள்வியில் எதை மாற்றினால் என் விடை சரியாகும். முதல் இரண்டு வரிகளை யாரும் எழுதிவிடலாம். மூன்றாவது வரிதான் ஆளைத் திணறடிக்கும்.

உதாரணத்துக்கு, வழக்கறிஞர் ஒருவரிடமிருந்து உங்கள் நோயாளியின் குறிப்புகளைக் கேட்டு சப்போனா (ஆவணங்களைக் கேட்கும் சட்டப்படியான அழைப்பாணை) வருகிறது, முதலில் என்ன செய்வீர்கள் என்ற வகைக் கேள்வி. சட்டம் கேட்கிறது, கொடுத்துவிட வேண்டியதுதானே என்று நினைத்தேன். தவறு. கண்டுகொள்ளாமலும் இருக்க முடியாது, அப்படியே தூக்கிக் கொடுக்கவும் முடியாது. ரகசியம் காக்கும் உரிமை நோயாளியுடையது, எனவே முதலில் அவரைத் தொடர்புகொண்டு பேச வேண்டும். மூன்றாவது வரி: நீதிபதியே பிறப்பித்த உத்தரவாக இருந்தால் கதை வேறு. இதை எழுதிய பிறகுதான் இரண்டும் ஒன்றில்லை என்பது மண்டையில் உறைத்தது. இன்னொன்று: அறிகுறிகள் ஐந்து மாதமாக இருக்கும் ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரீனியா என்று போட்டேன், விடை ஸ்கிசோஃப்ரீனிஃபார்ம், அதாவது அதே அறிகுறிகள் ஆறு மாதத்துக்குள் இருந்தால் சொல்லும் நோயறிதல். மூன்றாவது வரி, 'ஐந்தை ஏழாக்கு'. ஆறு மாதம் என்ற எல்லைக்கோடு அதன்பின் மறக்கவே இல்லை.

அங்கி (Anki) என்ற நினைவு அட்டைச் செயலியை முன்பே வைத்திருந்தேன். யாரோ செய்து வைத்த ஆயிரக்கணக்கான அட்டைகளைப் பதிவிறக்கி, காலையில் திறந்தால் 400 அட்டை காத்திருக்கும். பல் தேய்ப்பது போலத் தட்டித் தள்ளுவேன். இரண்டாம் முறை தேர்வுக்குத் தயாரானபோது எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நோட்டிலிருந்து மட்டும் அட்டை செய்தேன். சுமார் 600 வந்தது. மறக்கப் போகும் சமயம் பார்த்து அதுவே எடுத்து நீட்டும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். இந்த 14 மாதத்தில் காசுக்கு மேல் உழைத்தது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன், அதுவும் காசே கொடுக்காமல்.

புள்ளியியலும் இப்படியே சுருங்கியது. அளவீட்டின் திட்டப்பிழை (ஒரு சோதனையின் மதிப்பெண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதன் அளவு) என்றால் திட்ட விலக்கத்தை, ஒன்றில் நம்பகத்தன்மை போக மீதியின் வர்க்கமூலத்தால் பெருக்குவது. திட்ட விலக்கம் 15, நம்பகத்தன்மை 0.84 என்றால் விடை 6. இப்படி ஒரு கணக்கைக் கையால் போட்டால் போதும், ஒரு மாதம் வேண்டாம்.

மாதிரித் தேர்வுகளில், தேர்வை நடத்தும் ஏஎஸ்பிபிபி அமைப்பே விற்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உண்மைத் தேர்வின் நடைக்கு அதுதான் அருகில் இருந்தது. உட்கார்ந்தால் முழு நேரமும் உட்கார வேண்டும். ஒரு கேள்விக்குச் சராசரியாக 68 நொடி. முதல் முறை அறக் கேள்விகளில் மாட்டிக்கொண்டு, கடைசி 30 கேள்விகளை 19 நிமிடத்தில் ஓட்டினேன். இரண்டாம் முறை அழிக்கக்கூடிய பலகையில் 75, 150 என்று எழுதி, எதிரே எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். 20 நிமிடம் மிச்சம்.

குறை இல்லாமல் இல்லை. மூன்று வரி எழுதுவது மெதுவான வேலை. ஒரு மாலையில் பதினைந்து கேள்வியைத் தாண்ட முடியாது. தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது என்பவருக்கு இதைச் சொல்ல மாட்டேன், அவர் கேள்வி வங்கியோடு அறம், மதிப்பீடு, சிகிச்சை மூன்றையும் பிடித்துக்கொண்டு போகட்டும். பாடத்தின் அடிப்படையே தெரியாதவருக்கும் உதவாது, தவறுவதற்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

புத்தகங்களை யாருக்கும் விற்கவில்லை, இரட்டை நிறக் கோட்டோடு யார் வாங்குவார்கள். நோட்டை அந்த ஜூனியர் பெண் கேட்டாள். சொந்தமாக எழுது, அடுத்தவர் தவறைப் படித்து என்ன ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை, வாங்கிப் போனாள். நான்கு நாள் கழித்துப் போன் வந்தது. "அக்கா, எதிர்மறை வலுவூட்டல் பக்கத்துல மூணாவது வரி தப்பா எழுதியிருக்கீங்க. கார்ல பெல்ட் போட்டா எச்சரிக்கைச் சத்தம் நிக்குது, அதனால அடுத்த தடவையும் போடுவாங்க, அது வலுவூட்டல்தான். சத்தத்தை எடுத்துட்டாலும் அது தண்டனை ஆகாது. பெல்ட் போடறது குறையணும், அப்பத்தான் தண்டனை." எடுத்துப் பார்க்க நோட்டு என்னிடம் இல்லை. ஆனால் அவள் சொன்னது சரிதான்.