சித்தி வீட்டு ஓடும் நூறு மீட்டர் கணக்கும்

சிங்கப்பூர்லேர்ந்து திருச்சிக்கு நாலு மணி நேரம், புது டெர்மினல் சூப்பரா இருக்கு, இமிக்ரேஷன் வேகமா முடிஞ்சுது, அத பத்தி குறை ஒண்ணும் இல்ல.

இந்த தடவ போனதே தாராசுரத்துல சித்தி வீட்டு கூரைய பாக்கத்தான். நாட்டு ஓடு, விட்டத்த கறையான் அரிச்சு தொட்டா மாவா கொட்டுது. கொத்தனார் வந்து அண்ணாந்து பாத்துட்டு முதல்ல கேட்டதே, "கோயில்லேர்ந்து எத்தன மீட்டர் சார்?" ஐராவதேஸ்வரர் கோயில் 2004லயே யுனெஸ்கோ பட்டியல்ல சேந்தாச்சு, தொல்லியல் துறை கையில இருக்கு, சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுசா எதுவும் கட்டக்கூடாது, அதுக்கப்புறம் இன்னும் 200 மீட்டருக்கு பர்மிஷன் வாங்கித்தான் கட்டணும். சித்தி வீடு அந்த நூறுக்குள்ள. பழுது பாக்கவே அனுமதி வேணுமாம்.

சரி ஆன்லைன்லயே போடலாம்னு சொன்னாங்க, பிரவுசிங் சென்டர் பொண்ணு பொறுமையா பத்திரம் போட்டோ எல்லாம் ஸ்கேன் பண்ணி சைஸ் குறைச்சு ஏத்தி குடுத்துச்சு, நெஜமாவே நல்ல சர்வீஸ். ஆனா நடுவுல ஒரு பேப்பருக்காக ஒரு ஆபீசுக்கு போனா, "வீடு உங்க சித்தப்பா பேர்லல்ல இருக்கு, அவர நேர்ல வரச் சொல்லுங்க"ங்கிறாரு. சித்தப்பா கூடத்துல மாலையோட தொங்குறாரு!

சட்டம் வேணாம்னு சொல்லல. சாயங்காலம் கோயில்ல அந்த கல் தேரு, சக்கரம், இழுக்குற குதிரை எல்லாம் பாத்தா யாருக்கும் அப்படி சொல்ல வாய் வராது. ஆனா அங்கேர்ந்து நாலஞ்சு கிலோமீட்டர்ல கும்பகோணம் டவுனுக்குள்ள நான் டியூஷன் படிச்ச தெருவுல திண்ணை வச்ச வீடு மூணு இருந்துச்சு, இப்ப ஒண்ணு கூட இல்ல, ரெண்டு லாட்ஜ், ஒரு இடத்துல ஜேசிபி நிக்குது, தேக்கு தூண வெல பேசிட்டு இருக்காங்க. 2028ல மகாமகம் வருதுல்ல, ரூம் வேணும்ல. அத கேக்க ஆளில்ல, இங்க நாலு ஓடு மாத்த இத்தன கையெழுத்து. 2021ல ரெண்டு ஊரும் ஒரே மாநகராட்சி ஆயிடுச்சு, ஆனா கணக்கு மட்டும் ஒண்ணாகல.

நான் கெளம்புற வரைக்கும் அனுமதி வரல. "மழைக்கு முன்னாடி வந்துடுமா தம்பி"ன்னு சித்தி கேட்டாங்க, கடைத்தெருவுல நீல தார்ப்பாய் ஒண்ணு வாங்கி மேல விரிச்சு, பறக்காம இருக்க ஒடஞ்ச ஓடுங்களையே பாரம் வச்சுட்டு வந்தேன். கோயில் வாசல்ல நின்னு பாத்தா அந்த நீலம் பளிச்சுன்னு தெரியுது.